பதவி இழந்த ஆளுநரின் பலகை: ஒரு மொழிபெயர்ப்புத் தவறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகரான ராலேயிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அங்கே நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில், பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நான் ஆசிரியர். கல்வியாண்டு முடியும் தறுவாயில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு செயல்திட்டம் செய்வது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு எடுத்துக்கொண்டது நடைப் பயணம். ராலே நகரில் ஆறு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மாணவர்களே எழுதிய ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு. கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளைப் பேரப்பிள்ளைகள் அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆறில் ஒன்று, சாலையோர வரலாற்றுப் பலகை. மாநில அரசு 1935இல் இந்தப் பலகைத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் பலகை 1936இல் ஸ்டோவல் என்ற சிற்றூரில் நடப்பட்டது; அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் பென்னுக்காக. இன்று மாநிலம் முழுவதும் 1,600க்கு மேல் இருக்கின்றன. கம்பத்தின் மேல் வெள்ளி நிறத் தகடு, கறுப்பு எழுத்துகள், இருபக்கமும் ஒரே வாசகம். காரில் போகிறவர் படித்துவிடும்படி ஐந்தாறு வரிகளில் எல்லாம் முடிந்துவிடும். "குச்சியில் குத்திய வரலாறு" என்று கேலியாகச் சொல்வார்கள். கேலி பொருத்தமானதுதான்.

எங்கள் வழியில் இருந்த பலகை வில்லியம் உட்ஸ் ஹோல்டன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆளுநருடையது. இரண்டு மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பலகையில் உள்ளதோடு, பள்ளி நூலகத்தில் கிடைத்த சில ஆண்டுகளையும் சேர்த்து எழுதிவந்தார்கள்.

முதல் வரைவு

அவர்கள் எழுதியது இது:

"ஹோல்டன் வட கரோலினாவின் ஆளுநராக இருந்தார். போராளிகளைக் கொண்டு மக்களைக் கைது செய்ததால் 1871இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அமெரிக்காவில் பதவி நீக்கத்துக்கு உள்ளான முதல் ஆளுநர் இவரே. 2011இல் இவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது."

நான் இரண்டு இடங்களில் ஒற்று மிகாமல் விட்டிருந்ததைத் திருத்தினேன். ஆண்டுகளைச் சரிபார்த்தேன், எல்லாம் சரி. "நன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஆய்வின் முதல் தவறு மாணவர்களுடையது அன்று, என்னுடையது.

ஒத்திகையில் கவனித்தது

நடைப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு வகுப்பறையிலேயே ஒத்திகை பார்த்தோம். கேட்க வந்திருந்த பெரியவர்களில் ஒருவர், காவிரிப் படுகையில் ஒரு நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாணவியின் தாத்தா. மாணவன் படித்து முடித்ததும் அவர் கேட்டார்: "என்ன தம்பி, இவர் எவ்வளவு பணம் எடுத்தார்? மாட்டிக்கொண்டவருக்கு எதற்குப் பலகை வைத்திருக்கிறார்கள்?"

மாணவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அந்த நிமிடத்தில் தெரியவில்லை.

இடைவேளையில் அவரோடு உட்கார்ந்து, "ஐயா, எந்தச் சொல்லில் அப்படித் தோன்றியது?" என்று கேட்டேன். அவர் தாளை வாங்கி, கோப்பைப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தார். ஆளுநர் என்றால் டெல்லியிலிருந்து அனுப்பப்பட்டவர், ஆளுநர் மாளிகையில் இருப்பவர். அவருக்கு ஏது படை? ஆகவே "போராளிகள்" ஆயுதக் கும்பலாக இருக்க வேண்டும். "பதவி நீக்கம்" என்றால் ஊழல் நிரூபணமாகிவிட்டது. "மன்னிப்பு" என்றால் கருணை மனு போட்டிருக்கிறார்கள். நான்கு சொற்களை வைத்து அவர் ஒரு முழுக் கதையைக் கட்டியிருந்தார். கதையில் ஓட்டை எதுவும் இல்லை. வட கரோலினாவில் நடந்ததற்கும் அதற்கும்தான் தொடர்பு இல்லை.

அதே வேளையில் இன்னொரு மாணவி கையை உயர்த்தினாள். அவள் எழுதியது, ராலேயில் பிறந்த குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் வீட்டைப் பற்றி. அவளுடைய குறிப்பிலும் "1868இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார்" என்று இருந்தது. "ஆனால் ஐயா, ஜான்சன் பதவியை விட்டுப் போகவே இல்லையே. ஒரு வாக்கில் தப்பித்தார் என்று பள்ளியில் படித்தோம்" என்றாள். அவள் சொன்னது சரி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை குற்றம் சாட்டியது. மேலவையில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்தது. ஜான்சன் பதவிக்காலம் முடியும்வரை இருந்தார். ஹோல்டன் மீதும், மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை குற்றம் சாட்டியது. மேலவை அவரை வெளியே அனுப்பியது. இருவேறு முடிவுகளுக்கு எங்கள் தாள்களில் ஒரே வாக்கியம்.

தமிழ்ச் செய்தித்தாள் பழக்கம்தான் காரணம். அமெரிக்கச் செய்தி வரும்போதெல்லாம், குற்றம் சாட்டும் கட்டத்தையே "பதவி நீக்கம்", "பதவி நீக்கத் தீர்மானம்" என்று எழுதிப் பழகிவிட்டோம். நடைமுறையின் முதல் படிக்கு அதன் கடைசிப் படியின் பெயரை வைத்திருக்கிறோம். படித்துப் படித்து எனக்கே அது உறைக்காமல் போயிருந்தது.

நடந்தது என்ன

சொற்களைத் திருத்துவதற்கு முன் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, இரண்டு வகுப்புகளை அதற்கே ஒதுக்கினோம். மாணவர்கள் கரும்பலகையில் எழுதிச் சேர்த்த வரலாறு இது.

ஹோல்டன் 1818இல் ஹில்ஸ்பரோ அருகே பிறந்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்; அச்சுக்கூடத்தில் தொழில் கற்றவர். 1843 முதல் ராலேயில் "வட கரோலினா ஸ்டாண்டர்டு" என்ற பத்திரிகையை நடத்தினார். அடிமை முறையை ஆதரித்து எழுதியவர்தான். 1861இல் மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதற்கு வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர். அதையொட்டி மூண்ட உள்நாட்டுப் போர் நீண்டபோது சமாதானம் வேண்டும் என்று எழுதத் தொடங்கி, 1864 ஆளுநர் தேர்தலில் செபுலன் வான்ஸிடம் படுதோல்வி அடைந்தார். போர் முடிந்ததும் 1865 மே மாதத்தில் அவரைத் தற்காலிக ஆளுநராக நியமித்தவர் வேறு யாருமில்லை, ஆண்ட்ரூ ஜான்சன். அந்த ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் ஹோல்டன் தோற்றார். 1868இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று வென்றார். விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் வாக்களித்த தேர்தல் அது.

அந்த வாக்குரிமையை வன்முறையால் முறிக்கக் கிளம்பியதுதான் கூ க்ளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கூட்டம். 1870 பிப்ரவரி 26 அன்று அலமன்ஸ் மாவட்டத்தின் கிரகாம் ஊரில் வயட் அவுட்லா என்ற கறுப்பினத் தலைவரை வீட்டிலிருந்து இழுத்துவந்து, நீதிமன்றத் திடலில் இருந்த மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றார்கள். மே 21 அன்று கேஸ்வெல் மாவட்டத்தில் ஜான் ஸ்டீபன்ஸ் என்ற மாநில மேலவை உறுப்பினரை நீதிமன்றக் கட்டிடத்துக்குள்ளேயே கொன்றார்கள். மேல்தளத்தில் எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கொலையில் பங்கேற்ற ஜான் லீ என்பவர் 1919இல் வாக்குமூலம் எழுதி, தாம் இறக்கும்வரை திறக்கக் கூடாது என்று ஒப்படைத்தார். அவர் இறந்து, உறை பிரிக்கப்பட்டது 1935இல். பலகைத் திட்டம் பிறந்த அதே ஆண்டு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் வகுப்பில் ஒரு கணம் யாரும் பேசவில்லை.

கொலைகளுக்கு உள்ளூரில் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஹோல்டன் இரு மாவட்டங்களிலும் கிளர்ச்சி நிலவுவதாக அறிவித்து, ஜார்ஜ் கர்க் என்பவரின் தலைமையில் மாநிலப் படையை அனுப்பினார். ஏறத்தாழ நூறு பேர் பிடிக்கப்பட்டார்கள்.

இங்கிருந்து நம் சிரஸ்தாருக்கு வழக்கு சுவைக்கத் தொடங்கியது. பிடிபட்டவர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. மாநிலத் தலைமை நீதிபதி ரிச்மண்ட் பியர்சன் ஆட்களை முன்னிலைப்படுத்த உத்தரவிட்டார். கர்க் மறுத்தார். நீதிமன்றத்தின் அதிகாரம் இதோடு தீர்ந்தது என்று பியர்சன் கைவிரித்தார். மாநில அரசியலமைப்போ ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்க இடமே தரவில்லை. கடைசியில் ஒன்றிய நீதிபதி ஜார்ஜ் புரூக்ஸ் தலையிட்டுக் கைதிகளை விடுவித்தார். போதாக்குறைக்கு, ஹோல்டனைக் கடுமையாகத் தாக்கி எழுதிவந்த போட்டிப் பத்திரிகை ஆசிரியர் ஜோசையா டர்னரையும் பிடித்தார்கள். அதுவும் கிளர்ச்சி அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு வெளியே. "இது தவறுதான். கொலைகாரனைப் பிடிக்கப்போனவர் பத்திரிகைக்காரனை ஏன் பிடித்தார்?" என்றார் சிரஸ்தார். நியாயமான கேள்வி.

1870 ஆகஸ்டுத் தேர்தலில் சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போனது. டிசம்பரில் கீழவை குற்றம் சாட்டியது. மேலவையில் நடந்த விசாரணைக்குத் தலைமை வகித்தவர் அதே பியர்சன். எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஆறு நிரூபணமானதாக 1871 மார்ச் 22 அன்று தீர்ப்பு வந்தது. பதவி போனது, மாநிலத்தில் இனி எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்ற தடையும் வந்தது. பணம் கையாடியதாக ஒரு குற்றவாளித் தீர்ப்பும் அவர் மீது இல்லை. தடை மாநிலப் பதவிகளுக்கு மட்டும் என்பதால், பின்னர் ராலேயின் அஞ்சல் அதிகாரியாக ஒன்றிய அரசு அவரை நியமித்தது. 1892இல் இறந்தார். 2011 ஏப்ரல் 12 அன்று மாநில மேலவை 48க்கு 0 என்ற வாக்கில் அவருக்கு மன்னிப்பு அளித்தது.

இரண்டாம் வரைவும் பெரிய தவறும்

வரலாறு தெரிந்துவிட்டது, இனி எழுதுவது எளிது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்த வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: "1870இல் வயட் என்ற சட்டவிரோதி தூக்கிலிடப்பட்டார்."

அவுட்லா என்பது அந்த மனிதரின் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சட்டத்துக்குப் புறம்பானவன் என்று பொருள். மாணவன் அவசரத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் ஆங்கிலப் பத்தியைப் போட்டிருக்கிறான். அது பெயரையும் பெயர்த்துவிட்டது. அவுட்லா கிரகாம் நகரமன்ற உறுப்பினர். காவல் பொறுப்பும் வகித்தவர். ஊரில் சட்டத்தைக் காக்க நின்றவர் எங்கள் தாளில் சட்டவிரோதியாகிவிட்டார்.

பெயரைத் திருத்துவது நொடி வேலை. அதன் பிறகும் வரி உறுத்திக்கொண்டே இருந்தது. சிரஸ்தார்தான் கண்டுபிடித்தார். "தூக்கிலிடப்பட்டார் என்றால் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது என்று பொருள். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார் என்போம். வெள்ளைக்காரன் விசாரணை என்று ஒன்றை நடத்தினான். இங்கே எந்த நீதிபதி எழுதினார்?" செயப்பாட்டு வினை கொலைகாரர்களை வாக்கியத்திலிருந்தே அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு நீதிமன்றத்தை உட்கார வைத்துவிட்டது. செயலி மேல் பழி போட முடியாது. இந்தச் சொல்லை நானே எழுதியிருப்பேன்.

முடிவுகளும் காரணங்களும்

"ஆளுநர்" என்ற சொல்லை மாற்றவில்லை. முதலமைச்சர் என்று போட்டால் புரிந்துவிடும் என்றார் ஒரு பெற்றோர். வேலையளவில் அது ஓரளவு பொருந்தும். ஆனால் இல்லாத ஒரு பதவியை அமெரிக்காவில் உண்டாக்கிவிடும். சொல்லை வைத்துக்கொண்டு, "1865இல் நியமிக்கப்பட்டார், 1868இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று வினைகளால் வேறுபாட்டைக் காட்டினோம். ஹோல்டன் இருவகையிலும் ஆளுநராக இருந்தவர் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

"பதவி நீக்கம்" இரண்டாக உடைந்தது: கீழவை குற்றம் சாட்டியது, மேலவை விசாரித்துப் பதவியைப் பறித்தது. ஜான்சன் தாளில்: கீழவை குற்றம் சாட்டியது, மேலவையில் ஒரு வாக்கில் தப்பினார். தாள் சற்று நீண்டது. நீளட்டும்.

"போராளிகள்" "மாநிலப் படை" ஆனது. இதில் விவாதம் எழவில்லை.

அதிக நேரம் பிடித்தது "மன்னிப்பு". குற்றம் செய்தவருக்குத்தானே மன்னிப்பு என்பது பெரியவர்களின் எதிர்ப்பு. "குற்றமற்றவர் என மேலவை அறிவித்தது" என்று எழுதலாம் என்றார் இன்னொரு பெற்றோர். அதை நான் ஏற்கவில்லை. டர்னர் கைதை நினைத்தால் அப்படி எழுத மனம் வரவில்லை. தவிர, மேலவை வாக்களித்தது மன்னிப்புக்குத்தான். அவர்கள் செய்ததைவிடப் பெரியதாக நாம் எழுதக் கூடாது. "மன்னிப்பு" அப்படியே இருந்தது. எதற்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்ற வரி அதற்கு முன்னால் வந்து நின்றது.

அவுட்லாவின் கொலையைச் சொல்வதா என்பதில் ஒரு தாய் தயங்கினார். கூட வரும் தம்பி தங்கைகளுக்கு எட்டு, ஒன்பது வயது. அவர் தயக்கத்தில் தவறில்லை. ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் ஹோல்டன் காரணமில்லாமல் படை அனுப்பியவராக ஆகிவிடுவார். நாங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போவோம். "முகமூடிக் கூட்டம் வயட் அவுட்லாவைக் கொன்றது" என்று கொன்றவரை எழுவாயாக வைத்து ஒரே வரி எழுதினோம். மரமும் கயிறும் தாளில் இல்லை. கேட்பவருக்குப் பெரிய மாணவர்கள் நேரில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டோம்.

நடைப் பயண நாள்

ஜூன் மாதச் சனிக்கிழமை காலை, பத்தொன்பது பேர். ஹோல்டன் பலகையருகே மாணவன் படித்து முடித்ததும் ஒரு பாட்டி கேட்ட கேள்வி: "கொன்றவர்களைப் பிடிக்கப்போனவரின் வேலை போயிற்று. கொன்றவர்கள் என்ன ஆனார்கள்?" ஒத்திகையில் கேட்ட கேள்விக்கும் இதற்கும் உள்ள தொலைவை அளந்தால், குறிப்பு ஓரளவு வேலை செய்தது என்று சொல்லலாம். மாணவன் ஜான் லீயின் உறையைப் பற்றிச் சொன்னான்.

ஆனால் தாளில் ஒரு பிழை அச்சாகியிருந்தது. "அமெரிக்காவில் பதவி நீக்கத்துக்கு உள்ளான முதல் ஆளுநர்" என்ற முதல் வரைவின் வரி யார் கண்ணிலும் படாமல் தங்கிவிட்டது. பழைய சொற்பழக்கத்தில் அது குற்றம் சாட்டப்பட்ட முதல் ஆளுநர் என்றும் படும். அது தவறு: கான்சஸ் ஆளுநர் சார்லஸ் ராபின்சன் மீது 1862இலேயே குற்றம் சாட்டப்பட்டு, அவர் விடுவிக்கப்பட்டார். ஹோல்டன், அவ்வாறு குற்றம் சாட்டப்பட்டுப் பதவியையும் இழந்த முதல் ஆளுநர். ஜான்சன் தாளை எழுதிய மாணவிதான் இதையும் பார்த்தாள். நடைபாதை ஓரம் நின்று எல்லாத் தாள்களிலும் பேனாவால் திருத்தினோம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஒற்றும் ஆண்டும் சரியாக இருப்பதைக் கொண்டு ஒரு குறிப்பைத் தேற்ற மாட்டேன். தமிழில் மட்டும் படிக்கும் ஒருவர், இந்த நாட்டின் பள்ளியில் குடிமையியல் படித்த ஒருவர் என இருவரிடம் வரைவைக் கொடுத்து, கதையை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்வேன். எங்களுக்கு அந்த இருவரும் தற்செயலாகவே வாய்த்தார்கள். அதையும் ஒத்திகை வரை தள்ளாமல் முதல் வரைவிலேயே செய்ய வேண்டும். தனிப்பெயர்களை மாணவர்கள் முதலிலேயே பட்டியலிட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்; செயலி பிறகு.

தீராத ஒன்றும் இருக்கிறது. கம்பத்தில் நிற்கும் அந்தத் தகட்டை நாங்கள் "நினைவுப் பலகை" என்று எழுதியிருந்தோம். சிரஸ்தாரின் முதல் கேள்வியில் பாதி அந்தச் சொல்லிலிருந்து வந்தது. கல்லில் பெயர் பொறித்தால் மெய்க்கீர்த்தி, அல்லது வீரனுக்கு நடுகல், குறைந்தபட்சம் அடிக்கல். பெயரைப் பொறித்துவிட்டு, பதவி பறிபோன செய்தியையும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை அவர் கண்டதில்லை. "தகவல் பலகை" என்றால் பஸ் நிலையம் ஞாபகம் வருகிறது என்றார்கள் மாணவர்கள். இப்போதைக்கு "வரலாற்றுப் பலகை" என்று எழுதுகிறோம். சிரஸ்தாருக்கு அதிலும் முழுச் சம்மதம் இல்லை. ஊர் திரும்பிய பிறகு, வேறு சொல் கிடைத்தால் எழுதுவதாகப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறார்.